ஹோஷங்காபாத்தில் முப்பது வருஷப் பரிசோதனை

போபாலில் குப்பை கொட்ட ஆரம்பித்துப் பல வருஷமாகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் சாஞ்சி, பீம்பேட்கா என்று கூட்டிப் போகிறோம். நர்மதைக் கரையில் நடந்த ஒரு சங்கதியை மட்டும் யாரும் சொல்வதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதில் விஷயம் இருப்பதால் எழுதுகிறேன்.

1972-ல் ஹோஷங்காபாத் மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில் அது ஆரம்பமானது. (2022 முதல் மாவட்டத்தின் பெயர் நர்மதாபுரம்.) ஆரம்பித்தவை கிஷோர் பாரதி, ரசூலியாவின் ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள். கிஷோர் பாரதியின் அனில் சட்கோபால், மும்பை டாடா ஆய்வு நிலையத்தின் மூலக்கூறு உயிரியல் வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்கு வந்தவர். லேப் இல்லாத பள்ளியிலும் பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்து அறிவியல் கற்க முடியுமா என்பதுதான் கேள்வி. டில்லி பல்கலைக்கழகத்துக்காரர்களும் கூட நின்று வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

6 முதல் 8-ம் வகுப்பு வரை 'பால் வைக்ஞானிக்' என்ற இந்திப் புத்தகம். அதில் விடை இருக்காது; செய்ய வேண்டியதும் கேள்விகளும்தான் இருக்கும். நாலு நாலு பேராகச் செய்து பார்த்து, கண்டதை எழுதி, வகுப்பில் விவாதித்து முடிவுக்கு வரவேண்டும். பரீட்சைக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். மனப்பாடம் செய்து என்ன பிரயோஜனம்?

1978-ல் மாவட்டம் முழுக்கப் பரவியது. அதே வருஷம் புனேயில் லாரி கம்பெனி இன்ஜினியராக இருந்த அரவிந்த் குப்தா லீவு போட்டுவிட்டு இங்கே வந்தார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ட்யூபையும் வைத்து அவர் வடிவியல் சொல்லிக்கொடுத்தது இங்கேதான். 1982-ல் தொடங்கிய ஏகலவ்யா அமைப்பு பொறுப்பேற்று, சுமார் 1000 பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. 2002-ல் மாநில அரசு நிறுத்திவிட்டது. பள்ளியில் நின்றதை வீட்டில் யார் தடுக்கப் போகிறார்கள்?

ஒரு உதாரணம். தட்டில் தண்ணீர், நடுவே எரியும் மெழுகுவர்த்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணைந்து தண்ணீர் உள்ளே ஏறும். ஆக்சிஜன் தீர்ந்த இடத்துக்குத் தண்ணீர் வருகிறது என்று நாம் படித்திருக்கிறோம். சரி, மூன்று மெழுகுவர்த்தி வைத்தால்? முதலில் பிள்ளைகளை ஊகித்து எழுதச் சொல்லுங்கள். டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் ஒரே அளவுதானே, தண்ணீரும் அதே உயரம்தான் ஏறவேண்டும். செய்து பாருங்கள், கூடுதலாக ஏறும்! அதுவும் பெரும்பாலும் சுடர் அணைந்த பிறகுதான். சூட்டில் விரிந்த காற்று முன்பே வெளியேறிவிடுகிறது. மிச்சக் காற்று ஆறிச் சுருங்கும்போது தண்ணீர் ஏறுகிறது. மூன்று சுடருக்குச் சூடு அதிகம்.

முதலில் எழுதி வைத்தால்தான் ஊகம் தப்பும்போது 'ஏன்?' என்று பிள்ளையே கேட்கும். ஹோஷங்காபாத் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த இந்தியிலேயே கேட்டார்கள், எழுதினார்கள். நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இங்கிலீஷ், தெருவில் இந்தி. அடுப்படியிலாவது "என்ன ஆகும்னு நினைக்கறே?" என்று தமிழில் கேட்போம். தப்பான பதிலைத் தயங்காமல் சொல்ல அவர்களுக்கும் ஒரு பாஷை வேண்டாமா?