ஐம்பதில் வளைந்தவர்

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்று கேட்டனர் நம் முன்னோர். கேள்வி நியாயமானதே. ஆயினும், ஐம்பது வயதைக் கடந்தபின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியராய்ப் போய் நின்று, ஐரோப்பியத் தொடக்கக் கல்வியின் போக்கையே வளைத்தவர் ஒருவர் உண்டு. அவரே பெஸ்டலாசி.

அவர் 1746இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பிறந்தார். பாட்டனாரைப் போலச் சமயகுரு ஆக எண்ணினார். பின்னர்ச் சட்டம் பயின்றார். அதனையும் விடுத்து உழவில் இறங்கினார். நிலம் விளையவில்லை; கடன் விளைந்தது. 1774இல் அந்தப் பண்ணை வீட்டிலேயே ஏழைச் சிறுவர்களைச் சேர்த்து, நூற்பும் நெசவும் எழுத்தும் ஒருங்கே கற்பித்தார். பிள்ளைகளின் உழைப்பு பள்ளியின் செலவைத் தாங்கும் என்பது அவர் கணக்கு. கணக்குப் பொய்த்தது. 1780இல் பள்ளி மூடப்பட்டது. மனைவியின் செல்வமும் கரைந்தது. மறு ஆண்டு வெளியான ‘லியோன்ஹார்டும் கெர்ட்ரூடும்’ என்னும் புதினம் அவருக்குப் புகழ் தந்தது. ஆனால், அவர் வேண்டியது புகழன்று.

1798இல் பிரெஞ்சுப் படைகள் ஸ்டான்ஸ் என்னும் ஊரை எரித்தன. அங்கே அநாதைகளான குழந்தைகளைக் காக்கும் பணியைப் புதிய அரசு அவரிடம் ஒப்படைத்தது. அப்பொழுது அவருக்கு வயது 52. நூல்கள் இல்லை, உதவிக்கு ஒரு பணிப்பெண் மட்டுமே. சுமார் 80 குழந்தைகள், பலர் நோயுற்றவர். அவர்களுடனேயே உண்டார், அவர்களுடனேயே உறங்கினார். சில மாதங்களில் பிள்ளைகள் தேறினர். ஆனால் 1799 ஜூனில் அக்கட்டடம் படையினரின் மருத்துவமனைக்கு வேண்டியதாயிற்று, பள்ளி கலைந்தது.

அதன்பின் அவர் பூர்க்டோர்ஃப் நகரை அடைந்தார். அங்கு ஏழைகளின் பள்ளியை நடத்தியவர் ஒரு செருப்புத் தொழிலாளி. தோல் தைப்பது அவருக்குத் தொழில், கற்பிப்பது துணைத்தொழில். வேதவினா விடையை மனப்பாடம் செய்விக்காத இந்தப் புதியவரை அவர் வெறுத்தார், பெற்றோரும் எதிர்த்தனர். சோதனை செய்ய எங்கள் பிள்ளைகள்தாமா அகப்பட்டனர் என்பது அவர்கள் குறை. பெஸ்டலாசி வேறொரு சிறுவர் பள்ளிக்குச் சென்றார். கண்ணால் கண்ட பொருளிலிருந்து சொல்லுக்கும், கையால் எண்ணிய பொருளிலிருந்து எண்ணுக்கும் குழந்தையை நடத்தினார். 1800இல் பள்ளிக் குழுவினர் பிள்ளைகளைச் சோதித்து வியந்தனர்.

1805 முதல் 1825 வரை இவர்டன் நகரில் அவர் நடத்திய பள்ளியைக் காணப் பல நாட்டினரும் வந்தனர். பிற்காலத்தில் கிண்டர்கார்ட்டன் முறையைத் தோற்றுவித்த பிரோபெல், 1808 முதல் 1810 வரை அங்கே தங்கிக் கற்றார். எனினும் ஆசிரியரிடையே எழுந்த பூசலால் அதுவும் மூடப்பட்டது. 1827இல் பெஸ்டலாசி மறைந்தார்.

அவர் தொடங்கிய நிலையங்களுள் எதுவும் அவர் கையில் நிலைக்கவில்லை. அவர் கண்ட முறை நிலைத்தது. பண்ணையில் அடைந்த தோல்வியே ஏழைக் குழந்தையின் கையையும் மனத்தையும் அவருக்கு அறிமுகம் செய்தது. செருப்புத் தொழிலாளியையும் நாம் பழித்தல் ஆகாது; கற்பித்தலை மட்டும் நம்பி வாழ இயலாத நிலையில் ஊர் அவரை வைத்திருந்தது. ஆசிரியப் பணியைத் துணைத்தொழிலாக விட்டுவைக்கும் சமுதாயம் எதனை இழக்கும் என்பதை, மாணவர்களே, அந்தச் சிறு நகரத்துப் பள்ளி நமக்குக் காட்டுகிறது.