நீளமும் நிறைவும்: விண்வெளி ரேடியோ தொலைநோக்கிகள் வரைந்த செயலுறு பேரடைகள்

தொலைதூரத்து ரேடியோ தொலைநோக்கிகள் ஒரே பொருளைப் பார்த்துப் பதிந்ததை அணுக் கடிகார நேரப்படி இணைத்தால், அவற்றுக்கு இடையிலுள்ள அடித்தொலைவே கருவியின் விட்டமாகிவிடும். 1967-இல் இது செய்து காட்டப்பட்டது. அதன்பின் பூமியின் விட்டம்தான் தடையாக நின்றது. ஒரு கிண்ணத்தை விண்ணுக்கு ஏற்றினால் அந்தத் தடை விலகும். செயலுறு பேரடையின் பெருங்கருந்துளையை ஒட்டி, அங்கிருந்து பீறிடும் பொருளோட்டமான தாரை எப்படிப் பிறக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம்.

இந்த வரலாற்றைக் கூர்மை படிப்படியாகக் கூடிய கதையாகச் சொல்வது வழக்கம். நான் அதில் நீளத்துக்கும் நிறைவுக்கும் இடையே ஓர் இழுபறியைக் காண்கிறேன். இரண்டு தொலைநோக்கிகள் ஒரு கணத்தில் தருவது படத்தின் ஒரேயொரு கூறு. பல நீளங்களிலும் பல திசைகளிலும் கூறுகள் சேர்ந்தால்தான் உருவம் தெளியும். மிக நீண்ட அடித்தொலைவை மட்டும் நம்புவது, ஓரத்துப் புள்ளிகளை வைத்துக்கொண்டு முழுக் கோலத்தையும் ஊகிப்பது போன்றது.

1986-இல் நாசாவின் தகவல் அஞ்சல் செயற்கைக்கோள் ஒன்றின் 4.9 மீட்டர் அலைவாங்கியை, ஜப்பானின் உசுடாவிலும் ஆஸ்திரேலியாவின் டிட்பின்பில்லாவிலும் அப்போது இருந்த 64 மீட்டர் கிண்ணங்களோடு இணைத்தார்கள். மிகப் பிரகாசமான செயலுறு பேரடை மையங்களான குவாசர்களின் சமிக்ஞை கிடைத்தது. வழி திறந்தது, படம் கிடைக்கவில்லை.

படத்துக்காகவே திட்டமிடப்பட்டது ஜப்பானின் ஹால்கா செயற்கைக்கோள். 1997 பிப்ரவரி 12-இல் ஏவப்பட்ட அதன் கிண்ணம் 8 மீட்டர். பூமியிலிருந்து அதிகபட்சம் 21,400 கி.மீ. வரை சென்று, ஏறத்தாழ 6.3 மணிக்கு ஒருமுறை சுற்றிவந்தது. தரைத் தொலைநோக்கிகள் எட்டிய அடித்தொலைவுகளுக்கும் விண்ணில் எட்டியவற்றுக்கும் இடையே பெரிய ஓட்டை விழாத அளவு அது. மிகக் கூரிய பார்வை தரவேண்டிய 22 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை விண்ணில் சரியாகச் செயல்படவில்லை. ஆனாலும் 1.6, 5 கிகாஹெர்ட்ஸில் பல குவாசர் தாரைகளின் படிமங்களை அது தந்தது. அடக்கமான அந்தப் பாதையே ஹால்காவின் மிகச் சிறந்த முடிவு என்பது என் கருத்து.

வானியலாளர் நிக்கொலாய் கர்தஷேவின் தலைமையில் உருவான ரஷ்ய ரேடியோஆஸ்ட்ரான் மறுகோடியைத் தேர்ந்தெடுத்தது. 2011 ஜூலை 18-இல் பைக்கனூரிலிருந்து கிளம்பிய அதன் 10 மீட்டர் கிண்ணம் ஏறக்குறைய நிலவின் தொலைவுவரை போய்வந்தது. 3சி 273 குவாசரை 1,71,000 கி.மீ. வரையிலான அடித்தொலைவில் அளந்தபோது, பிரகாச வெப்பநிலை (கதிரின் செறிவை வெப்பநிலையாகக் குறிக்கும் அளவு) 10 லட்சம் கோடி கெல்வினைத் தாண்டியது. எலக்ட்ரான்கள் தாம் உமிழும் கதிரோடு மோதியே ஆற்றலை இழப்பதால், லட்சம் கோடி கெல்வினுக்கு மேல் நிலைக்காது என்று 1969-இல் வானியலாளர்கள் கெல்லர்மனும் பாலினி-டோத்தும் கணக்கிட்டிருந்தார்கள். தாரை நம்மை நோக்கி விரைவதால் கூடும் பிரகாசத்தைக் கழித்தாலும் கணக்கு இடிக்கிறது. மகத்தான முடிவு இது. எனினும் கைக்கு வந்தது ஓர் எண்தான்.

ரேடியோஆஸ்ட்ரான் நல்ல படங்களை வரைந்தது பூமியை நெருங்கி வந்தபோதுதான். 2013-இல் அப்படிக் கிடைத்தது பெர்சியஸ் பேரடைக் கொத்தின் நடுவிலுள்ள 3சி 84 ரேடியோ மூலத்தின் படம். மையத்திலிருந்து 350 ஈர்ப்பு ஆரத் (கருந்துளையின் நிறையைப் பொறுத்த நீள அலகு) தொலைவிலேயே அதன் தாரை 250 ஈர்ப்பு ஆரத்துக்கும் மேலாக அகன்றிருந்தது. ஆகவே தாரை பிறந்தவுடன் மிக வேகமாக விரிந்திருக்க வேண்டும்; இல்லையேல் கருந்துளையைச் சுற்றும் வட்டிலிருந்தே அகலமாகக் கிளம்பியிருக்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்கவைத்தது தாரையின் அகலம். அகலம் படத்தில்தான் தெரியும்.

2019 ஜனவரியில் செயற்கைக்கோளின் தொடர்பு அறுந்தது. ஆகஸ்டில் கர்தஷேவ் மறைந்தார். ஆனாலும் அது 2014-இல் பதிந்த 3சி 279 குவாசரின் படிமம் 2023-இல் வெளியானபோது, ஒரே தாரையாக எண்ணியிருந்ததற்குள் முறுக்கிய இழைகள் தெரிந்தன.