நாற்பது நாள் நெருப்பில் இருந்த பாதரசம்

இரும்பு துருப்பிடிக்கிறது, பால் உறைந்து தயிராகிறது, விறகு எரிந்து சாம்பலாகிறது. ஒரு பொருள் தன் இயல்பை விட்டு வேறொரு பொருளாக மாறும் இந்நிகழ்வை நம் பிள்ளைகளின் பாடநூல் 'வேதிவினை' என்று அழைக்கிறது. இம்மாற்றம் எதனால் நிகழ்கிறது என்னும் வினா மிகப் பழையது. அரபு மொழியில் எழுதிய அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் அவ்வினாவோடு வாழ்ந்தார்கள். அவர்கள் கண்டது எவ்வளவு, காணத் தவறியது எவ்வளவு என்பதை உள்ளது உள்ளபடி அடுத்த தலைமுறைக்குச் சொல்லும் பொறுப்பு நமக்கு இருக்கிறது.

அப்பொறுப்பை நினைவூட்டும் வகையில் இரு வகைச் செய்திகள் இன்று நம் கைபேசிகளில் உலா வருகின்றன. வேதியியல் முழுவதையும் முஸ்லிம்களே கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது ஒன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் எழுத்தால் முஸ்லிம் உலகில் அறிவியலே மடிந்துபோயிற்று என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரு பரிசோதனையின் வரலாற்றைக் கொண்டு நாம் எடைபோட்டுப் பார்ப்போம்.

கூஃபாவும் ரய் நகரும்

'அல்கீமியா' என்னும் அரபுச் சொல்லின் வழியாகவே ஐரோப்பிய மொழிகள் வேதியியலுக்கு உரிய பெயரைப் பெற்றன. 'அல்கலி' என்பதும் அரபுச் சொல்லே. உவர்நிலச் செடிகளை எரித்துப் பெற்ற சாம்பலை அது குறித்தது.

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் கூஃபாவில் வாழ்ந்ததாகக் கூறப்படும் ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரில் மிகப் பெரிய நூல்தொகுதி ஒன்று வழங்குகிறது. அவற்றுள் பல, அவருக்குப் பின் வந்தவர்கள் எழுதியவை என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அப்படி ஒருவர் இருந்தாரா என்ற ஐயம் பழங்காலத்திலேயே எழுந்தது. பக்தாதின் இப்னு அந்நதீம் கி.பி. 987இல் தொகுத்த 'அல்ஃபிஹ்ரிஸ்த்' என்னும் நூற்பட்டியலில் அவ்வையத்தைக் குறிப்பிட்டு, ஜாபிர் உண்மையில் வாழ்ந்தவரே என்று வாதிடுகிறார்.

ஜாபிரின் நூல்கள் மாற்றத்துக்குக் கூறும் காரணம் இது: ஒவ்வொரு பொருளிலும் வெப்பம், குளிர்ச்சி, ஈரம், வறட்சி ஆகிய நான்கு தன்மைகள் ஒரு குறிப்பிட்ட அளவில் அமைந்துள்ளன, அவ்வளவு மாறினால் பொருளும் மாறும். அவ்வளவைக் கணக்கிடும் கலைக்கு அந்நூல்கள் சூட்டிய பெயர் 'மீஸான்', அதாவது தராசு. கந்தகமும் பாதரசமும் வெவ்வேறு அளவில் கூடியே எல்லா உலோகங்களும் பிறந்தன என்பதும் அவற்றின் கொள்கை. தமிழிலும் இக்கலைக்குப் பாதரசத்தை முன்னிறுத்தி 'ரசவாதம்' என்று பெயர் வழங்குவது கருதத்தக்கது. இக்கொள்கை சரியன்று என்பதை இன்று நாம் அறிவோம். ஆயினும், மாற்றத்துக்கு ஓர் அளவும் கணக்கும் உண்டு என்ற எண்ணம் அதனுள் இருந்தது.

ரய் நகரத்து மருத்துவர் அபூபக்ர் அர்ராஸி (இறப்பு ஏறத்தாழ கி.பி. 925) இன்னொரு படி முன்னே சென்றார். அவருடைய 'கிதாபுல் அஸ்ரார்' பெயரளவில்தான் இரகசியங்களின் நூல். உலைக்களத்தில் வேண்டிய கருவிகளையும் பொருள்களையும் செய்முறைகளையும் அது வரிசைப்படுத்திக் கூறுகிறது. பாதரசம், கந்தகம், நவச்சாரம், அரிதாரம் போன்று சூட்டில் ஆவியாகிப் பறப்பவை ஒரு வகை. உலோகங்கள் ஒரு வகை. கற்கள் ஒரு வகை. அன்னபேதி போன்றவை ஒரு வகை. வெங்காரம் போன்றவை ஒரு வகை. உப்புகள் ஒரு வகை. நாட்டு மருந்துக் கடையில் இன்றும் நாம் கேட்கும் பெயர்கள் பல அப்பட்டியலில் இருக்கின்றன. நெருப்பில் வைத்தால் என்ன ஆகிறது என்பதைப் பார்த்துப் பொருள்களை வகுத்த முறை அது.

மறுப்புக் குரலும் உள்ளிருந்தே எழுந்தது. செம்பைப் பொன்னாக்க முடியும் என்ற கூற்றை அல்கிந்தி எதிர்த்து எழுதினார். அவருக்கு அர்ராஸி மறுப்பு எழுதினார். பின்னர் இப்னு ஸீனா (980–1037), கைவினைஞர்கள் பொன்னைப் போன்ற நிறத்தை உண்டாக்கலாமேயன்றிப் பொன்னை உண்டாக்க முடியாது என்று 'கிதாபுஷ் ஷிஃபா'வில் உறுதியாகக் கூறினார். முஸ்லிம் அறிஞர்கள் ஒரே கருத்தை ஒப்புவித்தவர்கள் அல்லர். ஒருவரையொருவர் ஆதாரம் கேட்டவர்கள்.

அந்தலூஸின் செந்தூள்

இனி, நாம் சொல்ல வந்த பரிசோதனைக்கு வருவோம். அந்தலூஸில் பத்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'ருத்பத்துல் ஹகீம்' என்னும் நூல், மஸ்லமா அல்மஜ்ரீத்தி என்ற வானியலறிஞரின் பெயரில் நெடுங்காலம் வழங்கியது. கி.பி. 964இல் மறைந்த மஸ்லமா அல்குர்துபியே அதன் ஆசிரியர் என இன்றைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அந்நூலாசிரியர் தூய பாதரசத்தைக் கால் ராத்தல் நிறுத்து எடுத்தார். முட்டை வடிவக் கண்ணாடிக் கலத்தில் அதை இட்டு, அக்கலத்தை வேறொரு பாத்திரத்துக்குள் வைத்தார். மிக மென்மையான நெருப்பில் இரவும் பகலுமாக நாற்பது நாள் காய்ச்சினார். திறந்து பார்த்தபோது பளபளத்து ஓடும் பாதரசம் முழுவதும் மென்மையான செந்தூளாகியிருந்தது. அதை அவர் மீண்டும் நிறுத்தார். எடை மாறவில்லை என்று எழுதிவைத்தார்.

'பொருள் அழிவின்மை விதியை ஐரோப்பியருக்கு 800 ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிய முஸ்லிம் விஞ்ஞானி' என்ற செய்திகள் இந்நிகழ்ச்சியைச் சுற்றியே எழுகின்றன. இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். அந்தச் செந்தூள் மெர்குரிக் ஆக்சைடு. அதாவது, பாதரசம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடிய பொருள். 100 கிராம் பாதரசம் முழுவதும் அவ்வாறு மாறினால் 108 கிராம் செந்தூள் கிடைக்கவேண்டும். எடை கூடியிருக்கவேண்டிய இடத்தில் கூடவில்லை என்று அவர் கண்டார். பாதரசத்தில் ஒரு பகுதி ஆவியாகி வெளியேறி அக்கூடுதலை ஈடுசெய்திருக்கலாம். எவ்வாறாயினும், காற்றும் அம்மாற்றத்தில் பங்குகொள்கிறது என்பது அவர் கணக்கில் வரவில்லை.

காற்றைக் கணக்கில் கொண்டுவர எட்டு நூற்றாண்டுகள் ஆயின. 1774இல் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி, குவி வில்லையால் சூரிய ஒளியைக் குவித்து இதே செந்தூளைச் சூடாக்கினார். அதிலிருந்து ஒரு வாயு வெளிவந்தது. அதில் மெழுகுவத்தி சுடர்விட்டு எரிந்தது. பாரிசின் லவாய்சியர் பாதரசத்தை அடைபட்ட காற்றோடு பன்னிரண்டு நாள் காய்ச்சினார். செந்தூள் தோன்றியது, காற்றில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்தது. அத்தூளைத் தனியே எடுத்து மேலும் கடுமையாகச் சூடாக்கியபோது பாதரசமும் திரும்பிவந்தது. குறைந்த அளவு வாயுவும் திரும்பிவந்தது. இதை அவர் 1789இல் வெளியிட்ட நூலில் விவரித்தார். முன்னவர் செய்த செயலையே அவரும் செய்தார். தராசின் தட்டில் காற்றையும் சேர்த்து நிறுத்தார்.

(பாதரசத்தின் ஆவி கொடிய நஞ்சு. இதனை எவரும் வீட்டில் செய்துபார்க்கலாகாது.)

சூடு ஏன் தேவைப்பட்டது?

பாதரசமும் காற்றும் அறைச் சூட்டில் அருகருகே இருந்தும் பெரிதாக மாறுவதில்லை. ஏறத்தாழ 350 பாகை செல்சியசில் கூடுகின்றன. 500 பாகை அளவில் பிரிகின்றன. இது ஏன்?

துகள்கள் ஒன்றோடொன்று மோதினால்தான் வினை நிகழும். மோதினால் மட்டும் போதாது. பழைய பிணைப்பைத் தளர்த்தும் அளவுக்கு அம்மோதலில் ஆற்றல் இருக்கவேண்டும். இந்தத் தடையைக் கடக்கத் தேவையான ஆற்றலுக்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயர். சுவீடன் நாட்டு அர்ஹீனியஸ் 1889இல் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார். சூடு ஏற ஏற, தடையைக் கடக்கும் துகள்கள் பெருகுகின்றன. காற்றில் கிடக்கும் விறகு, தீக்குச்சி படும்வரை எரியாதிருப்பதும் இதனால்தான். பாலில் இடும் உறைமோரில் உள்ள நுண்ணுயிர்களோ, தம்மிடமுள்ள நொதிகளால் அத்தடையைத் தாழ்த்தி, அடுப்பின் சூடின்றியே மாற்றத்தை நிகழ்த்துகின்றன.

பாதரசமும் ஆக்சிஜனும் கூடும்போது வெப்பம் வெளியேறுகிறது. அது கூடுதலுக்குச் சாதகம். பிரியும்போது, திண்மத்துள் கட்டுண்டிருந்த ஆக்சிஜன் வாயுவாகப் பரவி விடுதலை பெறுகிறது. அது பிரிதலுக்குச் சாதகம். சூடு மிகுந்தால் இரண்டாவது மேலோங்குகிறது. ஆகவே, வினையின் திசை இவ்விரண்டின் சமநிலையால் முடிவாகிறது.

பஞ்சும் நெருப்பும்

நெருப்பு பஞ்சைத் தொட்டால் எரிகிறது, எரிப்பது யார்? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 1095இல் நிறைவுசெய்த 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'வில் இவ்வினாவை எழுப்பினார்கள். தொடுவதும் எரிவதும் அடுத்தடுத்து நிகழ்வதைத்தான் கண் காண்கிறது. அவற்றிடையே மீறமுடியாத கட்டாயம் இருப்பதைக் கண் காண்பதில்லை. அவ்வொழுங்கை நிலைநிறுத்துபவன் அல்லாஹ்வே என்பது அவர்களின் வாதம். காரணங்களை மறுத்தால் அறிவுக்கே இடமில்லாமல் போகும் என்று இப்னு ருஷ்து (1126–1198) பதிலுரைத்தார்.

இவ்விவாதத்தைக் காட்டி, இமாமவர்கள் ஆராய்ச்சிக்குத் தடையிட்டார்கள் என்பது பொருந்தாது. கணிதம் போன்ற நிறுவப்பட்ட அறிவுகளை மறுப்பதால் மார்க்கத்துக்குத் தொண்டு செய்வதாக எண்ணுபவர் மார்க்கத்துக்குத் தீங்கே செய்கிறார் என்று 'அல்முன்கிது'வில் கண்டித்தவர்களும் அவர்களே. அவர்கள் 1111இல் மறைந்தார்கள். 1259இல் மராகாவில் நஸீருத்தீன் தூஸியின் பெரும் வானாய்வகம் எழுந்தது. ஒழுங்கை நிலைநிறுத்துபவன் இறைவன் என நம்புபவருக்கு, அவ்வொழுங்கு எந்தச் சூட்டில், எந்த அளவில் செயல்படுகிறது என்று நிறுத்துப் பார்க்கத் தடை ஏது?

அறிவிலும் அமானத்

திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவையில் மோசடி செய்வோருக்கு எதிரான எச்சரிக்கையோடு தொடங்குகிறது. கடைத்தெருவின் தராசுக்கு உரிய அந்த நேர்மை வரலாற்றின் தராசுக்கும் உரியது. நம் முன்னோர் காணாததைக் கண்டதாக எழுதினால் தட்டில் கள்ள எடை வைத்தவர்களாவோம். அவர்கள் கண்டதை மறைத்தால் எடையைக் குறைத்தவர்களாவோம்.

பிள்ளைகள் கேட்டால் நாம் இவ்வாறு சொல்லலாம்: அந்தலூஸின் அம்மனிதர் பொறுமையோடு நாற்பது நாள் காத்திருந்தார், முன்னும் பின்னும் நிறுத்தார், கண்டதை எழுதிவைத்தார், ஒன்றைத் தவறவிட்டார், தவறவிட்டதைப் பின்வந்தவர் கண்டறிந்தார். இப்படிச் சொன்னால் பிள்ளைகள் அவரை வியப்பதோடு நின்றுவிட மாட்டார்கள்; அடுத்த நிறுவையைத் தாமே செய்ய முன்வருவார்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பயனுள்ள கல்வியையும் அதில் நேர்மையையும் தந்தருள்வானாக! ஆமீன்.