மார்கழிப் பனியும் சேலம் விமானமும்

ஓமலூர் அருகே காமலாபுரத்தில் விமான நிலையம் இருப்பதை சேலம், நாமக்கல் வாசகர்கள் அறிவீர்கள். அங்கே தாமதத்தை மணியால் மட்டுமல்ல, ஆண்டாலும் அளக்க வேண்டும்! 1993-இல் விமானம் வந்தது. பயணிகள் போதாமல் விரைவிலேயே நின்றது. 2009-இல் கிங்ஃபிஷர் வந்தது; அந்நிறுவனமே 2012-இல் பறப்பதை நிறுத்திவிட்டது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தின்கீழ் ட்ரூஜெட், அதுவும் நிலைக்கவில்லை. 2023 அக்டோபரில் மறுபடியும் ஒரு தொடக்கம்.

சரி, விமானம் உள்ள நாளிலும் மணிக்கணக்கில் காத்திருப்பது ஏன்? மார்கழிக் காலையை எடுத்துக்கொள்ளுங்கள். மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக இழக்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகிறது. பார்வைத் தொலைவு 1 கிலோமீட்டருக்குக் குறைந்தால்தான் வானிலை அறிஞர்கள் அதை மூடுபனி என்பர். ஆனால் கண்ணால் பார்த்தே இறங்கும் விமானிக்குப் பொதுவாக 5 கிலோமீட்டர் தெரிய வேண்டும். ஆகவே, நாம் 'லேசான பனிதானே' என்பதே அவரைத் தடுக்கப் போதும். பக்கத்தில் 1,500 மீட்டருக்கு மேல் உயர்ந்த சேர்வராயன் மலை வேறு!

பெரிய நிலையங்களில் இரண்டு ரேடியோக் கற்றைகள் துணை செய்கின்றன. ஒன்று ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும். மற்றொன்று சுமார் 3 பாகைச் சரிவைக் காட்டும்.

வெயில் ஏறினால் பனி கரைந்துவிடும், தாமதம் கரையாது. அதே விமானம் அன்று வேறு ஊர்களுக்கும் போக வேண்டுமல்லவா? சென்னை வெயிலில் காத்திருப்பவர், "வானம் தெளிவாகத்தானே இருக்கிறது?" என்று கோபிப்பது நியாயமே. அவருடைய விமானம் புறப்பட்டு வரவேண்டிய ஊரில் பனி பெய்திருக்கும்.