பிள்ளையார் சன்னிதியில் கற்கோடரி

கும்பாபிஷேகத்திற்கு முன்னர்க் கொம்பரக்கும் சுக்கானும் குங்கிலியமும் கற்காவியும் பிறவும் கூட்டி, அஷ்டபந்தன மருந்தினைக் கல்லுரலில் இடிக்கும் ஓசையைக் கேட்டிராத அன்பர் நம்முள் இரார். அவ்வுரலினும் பன்மடங்கு பழமையான கருவியொன்று, தெய்வமாகவே எழுந்தருளியிருக்கும் சன்னிதிகள் நம் இராசிபுரத்தைச் சூழ்ந்த மலைநாட்டில் உண்டு என்பதைப் பலர் அறியார்.

சேர்வராயன் மலை, ஜவ்வாது மலை முதலிய இடங்களில் மலையாளிக் குடிமக்கள் மரத்தடியிலும் சிறு கற்கோட்டத்திலும் பிள்ளையாரை வழிபடுவர். அங்கே உள்ளங்கையளவில், ஒரு முனை குறுகியும் மறுமுனை அகன்று கூர்த்தும் உள்ள வழவழப்பான கருங்கற்கள் வைக்கப்பட்டிருக்கும். உழும்போதோ, மழைநீர் மண்ணை அரித்தபோதோ கிடைத்தவை அவை. மனிதன் கையால் ஆகாத பொருள் என்று கருதி, விக்கினம் தீர்க்கும் பெருமானிடமே அவற்றை ஒப்படைத்தனர் போலும். ஐரோப்பியக் குடியானவர்களும் இத்தகைய கற்களை வானிலிருந்து விழுந்த இடிக்கற்கள் என்று நம்பி வீட்டில் போற்றி வைத்தனர்.

இவை புதிய கற்கால மக்களின் கோடரிகளே. 1863ஆம் ஆண்டு பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர், தம் முதுமையில் ஏற்காட்டில் வாழ்ந்தவர். அவர் திரட்டிய தொல்பொருள்களைச் சென்னை அருங்காட்சியகம் 1904இல் பெற்றது.

அக்கோடரியைச் செய்த பாடு சிறிதன்று. உறுதியான கல்லைத் தேர்ந்து, வேறொரு கல்லால் தட்டிச் சில்லுகளைப் பெயர்த்து உருவாக்க வேண்டும். பின்னர் மேடுகளைக் கொத்திச் சமன்செய்து, மணலும் நீரும் இட்டுப் பாறையில் பல நாள் தேய்க்க வேண்டும். அங்ஙனம் தேய்த்த பள்ளங்கள் சில பாறைகளில் இன்றும் காணப்படுகின்றன. குறுகிய முனையை மரக்காம்பில் செருகிக் காட்டைத் திருத்தினர், தானியம் விதைத்தனர், ஆடுமாடு வளர்த்தனர். கல் மழுங்கினால் எறிந்துவிடாது, மீண்டும் தீட்டிக்கொண்டனர். நாம் இன்று உழுதுண்ணும் வாழ்வுக்கு இம்மக்களே வழிகாட்டிகள்.

இரும்பு வந்தபின் கற்கோடரி மறைந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த சான்று கொண்டு, கி.மு. 2172 அளவிலேயே இரும்பு வழங்கிற்று என்று 2022இல் அறிவித்தனர். சேலத்தை அடுத்த கஞ்சமலையின் இரும்புத் தாதுவோ உலகறிந்தது.

கோடரியைப் பூசிப்பது அறியாமை என்று நகைப்பாருளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பூசித்தமையாலன்றோ அவை எஞ்சின! அச்சம் வேறிடத்தது. பழைய சன்னிதிகளைப் புதுப்பித்துத் தளம் பாவும்போது, உருவமற்ற கல்லென்று இவற்றை அப்புறப்படுத்திவிடுதல் கூடும். திருப்பணி செய்யும் அன்பர்கள் இத்தகைய கல்லைக் கண்டால், அச்சன்னிதியிலேயே பத்திரப்படுத்தித் தொல்லியல் துறையினருக்குத் தெரிவித்தல் நலம். எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க உப்புத்தாள் கொண்டு தேய்த்துவிடலாகாது. ஆதியில் தீட்டியவன் கைக்குறி அவ்விளிம்பிலேதான் இருக்கிறது. அது முதலில் எவருடைய கொல்லையில் கிடைத்தது என்பது முதியோர் எவருக்கேனும் நினைவிருந்தால், அதனையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.