ரஃபேல் பெரால்டா

ரஃபேல் பெரால்டா (7 ஏப்ரல் 1979 – 15 நவம்பர் 2004) மெக்சிகோ நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மரீன் படைவீரர். ஈராக்கின் ஃபலூஜா நகரில் நடந்த இரண்டாம் சண்டையில், 25 வயதில் உயிரிழந்தார். தோழர்களைக் காக்கக் கையெறி குண்டைத் தன் உடலோடு இழுத்து அணைத்துக்கொண்டார் என்று உடனிருந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். அந்தக் கணத்தில் அவருக்கு நினைவு இருந்ததா என்ற சர்ச்சை அதன்பின் பத்தாண்டுகள் நீண்டது.

எல்லையின் இரு பக்கமும், மெக்சிகோவின் டிஹுவானாவிலும் கலிபோர்னியாவின் சான் டியேகோவிலும், வளர்ந்தவர். 2000இல் கிரீன் கார்டு கைக்கு வந்த அன்றே மரீன் படையில் சேர்ந்தார். அமெரிக்கப் படைகளில் சிப்பாயாகச் சேர அந்த அட்டை போதும். அதிகாரி ஆவதற்குத்தான் குடியுரிமை வேண்டும். பெரால்டா சீருடையில் இருந்தபோதே குடிமகன் ஆனார். வீட்டில் அவருடைய அறைச் சுவரில் அரசியல் சட்டம், உரிமைகள் சாசனம், பயிற்சி முகாமை முடித்த சான்றிதழ் ஆகியவற்றை மாட்டி வைத்திருந்தார்.

2004 நவம்பரில் ஃபலூஜாவுக்குள் நுழைந்த படைகள் வீடு வீடாகச் சோதனையிட்டன. கதவைத் திறந்தால் வெற்று அறையும் இருக்கலாம், துப்பாக்கியும் காத்திருக்கலாம். ஹவாயிலிருந்து வந்த 3ஆம் மரீன் ரெஜிமென்டின் 1ஆம் பட்டாலியனில் பெரால்டா சார்ஜண்ட். நவம்பர் 15 அன்று வீடுகளுக்குள் போவது அவருக்கு இடப்பட்ட பணி அல்ல. ஆள் குறைந்திருந்த குழுவோடு தானாகவே போனார். பின்னாளில் எழுந்த எந்தச் சர்ச்சையும் இதைத் தொடவில்லை. அவரைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டிய இடமும் இதுதான்.

ஒரு வீட்டில், உள்ளறைக் கதவைத் திறந்ததும் எதிரிகளின் குண்டுகள் அவரைத் துளைத்தன. அதே வேளையில், சக வீரர்கள் சுட்டதில் எங்கோ பட்டுத் தெறித்த ஒரு சிதறல் அவர் தலைக்குள் புகுந்தது. தரையில் விழுந்தார். எதிரிகள் வீசிய கையெறி குண்டு அவர் அருகே உருண்டு வந்து வெடித்தது.

அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானருக்கு மரீன் படை அவரைப் பரிந்துரைத்தது. தலைக் காயம் பட்டவர் அறிந்தே கையை நீட்டியிருக்க முடியுமா என்ற ஐயம் எழவே, பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ் தனிக் குழு ஒன்றை அமைத்தார். அதில் நரம்பியல் அறுவை மருத்துவரும் தடயவியல் மருத்துவர்களும் இருந்தனர். தவறுக்குச் சிறிதும் இடமில்லாத சான்று வேண்டும் என்பது அந்த விருதின் விதி. அதன்படி 2008இல் பரிந்துரை மறுக்கப்பட்டு, அடுத்த நிலையிலுள்ள நேவி கிராஸ் அறிவிக்கப்பட்டது. அந்த விருதின் பாராட்டுரையோ அவர் குண்டைத் தன் உடலோடு இழுத்துக்கொண்டதாகவே கூறுகிறது. ஒரே அரசு ஒரு தாளில் ஏற்றதை இன்னொரு தாளில் ஐயுற்றது. பெரால்டாவின் தாய் அந்த விருதை வாங்க மறுத்ததில் நியாயம் உண்டு.

அடுத்து வந்த இரு பாதுகாப்புச் செயலர்களும் முடிவை மாற்றவில்லை. 2014இல் சக வீரர்கள் இருவர், அவர் குண்டை இழுக்கவில்லை, அது பின்னர் புனையப்பட்டது என்று நாளேடு ஒன்றிடம் கூறினார்கள். வேறு சிலர் தங்கள் சாட்சியத்தில் உறுதியாக நின்றார்கள். 2015 ஜூனில், பெண்டில்டன் முகாமில், தாய் நேவி கிராஸைப் பெற்றுக்கொண்டார்.

சண்டைக்குச் சற்று முன் தம்பிக்கு எழுதிய கடிதத்தில், தன்னை எண்ணியும் அமெரிக்கராக இருப்பதை எண்ணியும் பெருமைப்படச் சொல்லியிருந்தார் பெரால்டா. அந்தத் தம்பியும் பின்னர் மரீன் படையில் சேர்ந்தார்.

சான் டியேகோவில் கடலைப் பார்த்த மேட்டில் அமைந்த ஃபோர்ட் ரோஸ்கிரான்ஸ் தேசியக் கல்லறையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெயர் தாங்கிய ஏவுகணைப் போர்க்கப்பல், 2017 ஜூலை 29 அன்று அதே நகரில் கடற்படைப் பணியில் சேர்க்கப்பட்டது.