மாலை, காப்பு, கூட்டம்: மணிமங்கலம் பக்கத்தில் குடியை விடும் வழக்கத்தின் வரலாறு

தமிழ்நாட்டில் குடியை விடுபவர் பெரும்பாலும் தனியாக விடுவதில்லை. மாலை போட்டு விடுவார். ஊரில் காப்புக் கட்டியதால் விடுவார். அம்மன் சன்னிதியில் கையில் கயிறு கட்டிக்கொண்டு விடுவார். எதுவானாலும் பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள். குடிப்பதும் அப்படித்தான் நடக்கிறது. டாஸ்மாக் கடை வாசலில் முன்பின் தெரியாத இருவர் பாதிப் பாதிப் பணம் போட்டு ஒரு குவார்ட்டர் வாங்கிப் பங்கிட்டுக்கொள்வது, 'கட்டிங்' என்ற பெயரோடு ஊரறிந்த ஏற்பாடு. குடிக்கத் துணை தேடும் சமூகத்தில் விடுவதற்கும் துணை வேண்டியிருந்திருக்கிறது. அந்தத் துணைக்குக் காலந்தோறும் கிடைத்த வடிவங்கள்தாம் இந்த வழக்கத்தின் வரலாறு.

தாம்பரத்துக்கு மேற்கே, படப்பைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடைப்பட்ட ஏரிப்பாசன ஊர் மணிமங்கலம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை வென்ற போர்க்களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு இதைச் சொல்கிறது. சோழர் காலத்தில் இது பிராமணர்களுக்கு விடப்பட்ட சதுர்வேதிமங்கலம். ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவர்களில் வீரராஜேந்திரன் கல்வெட்டு உட்படப் பல கல்வெட்டுகள் உள்ளன. இத்தகைய பிரமதேயங்களுக்குச் சோழர் எழுதித் தந்த செப்பேடுகளில் ஒரு நிபந்தனை திரும்பத் திரும்ப வரும்: ஊர் எல்லைக்குள் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது. அதாவது கள் இறக்கக்கூடாது. அதே காலத்து அரசு கள் இறக்குவோரிடம் 'ஈழம்பூட்சி' என்ற வரியையும் வசூலித்தது. ஓர் ஊரில் தடை, அடுத்த ஊரில் வரி என்ற இந்த இரட்டை நிலை பிற்கால ஆட்சிகளிலும் தொடர்ந்தது. தடை விதித்தவர்கள் யாரும் குடிப்பவரோடு உட்கார்ந்து பேசவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குடிப்பவரையே உள்ளடக்கிய கட்டுப்பாடு கிராமக் கோயிலிலிருந்து வந்தது. தொண்டை மண்டல ஊர்களில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்ப்பதற்கு முன் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் கயிறு கையில் ஏறிய நாளிலிருந்து திருவிழா முடியும்வரை காப்புக் கட்டியவர் ஊர் எல்லை தாண்டமாட்டார். மாமிசமும் மதுவும் தொடமாட்டார். தீ மிதிப்பவர், கரகம் எடுப்பவர், அலகு குத்துபவர் எல்லோரும் ஒரே விரதத்தில் இருப்பதால் ஒருவர் மீறினால் மற்றவர் கண்ணில் படாமல் இருக்காது. பத்து நாள் விரதம் குடிநோயைத் தீர்க்காது. ஆனால் கையிலே ஒரு அடையாளம், முடிவு தெரிந்த கெடு, உடன் நோன்பிருக்கும் ஆட்கள் என்ற மூன்று உறுப்புகளும் இங்கே ஒன்று சேர்ந்துவிட்டன. பின்னால் வந்தவை எல்லாம் இந்த அமைப்பின் மேல்தான் கட்டப்பட்டன.

இருபதாம் நூற்றாண்டில் மதுவிலக்கு அரசியலாயிற்று. 1921இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் பெரியார் ஈ.வெ.ராமசாமியின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் முன்னணியில் நின்றார்கள். தம் தோப்பிலிருந்த ஐந்நூறு தென்னைகளைப் பெரியார் வெட்டிச் சாய்த்த செய்தி அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் தவறாமல் இடம்பெறும். 1925இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிய ராஜாஜி, 1929இல் மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகையை நடத்தினார். அதில் அவருக்குத் துணையாயிருந்தவர் கல்கி. 1937இல் சென்னை மாகாணப் பிரதமரானதும் அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கடையை மூடியதோடு அந்தத் திட்டம் நிற்கவில்லை என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. கள்ளுக்கடையில் கழிந்த சாயங்காலத்துக்கு மாற்றாகப் பஜனை, விளையாட்டு, தேநீர், கிராமக் குழு என்று ஏதேனும் தரவேண்டும் என அதிகாரிகள் அலைந்தார்கள். கடையில் விற்றது கள் மட்டுமல்ல, பேச்சுத் துணையும்கூட என்று புரிந்துகொண்ட அரசாங்க முயற்சி அதற்கு முன்னும் பின்னும் அரிது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் வந்த விற்பனை வரி நிலைத்துவிட்டது, பஜனை நிலைக்கவில்லை.

அடுத்து வந்தவை ஆட்சிக்கு ஆட்சி மாறிய சட்டங்கள். 1948 அக்டோபர் 2 அன்று ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971இல் அது தளர்ந்து, சில ஆண்டுகளில் மீண்டு, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது. 2003 இறுதியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது. மதுவிலக்கு கோரிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டத்தில் கைப்பேசிக் கோபுரத்தின் மேல் நடத்திய போராட்டத்தின்போது உயிரிழந்தார். இந்த நீண்ட வாதம் முழுவதும் கடையைப் பற்றியதே. கடைக்குப் போகிறவர் எப்படி விடுவார் என்ற கேள்விக்கு அதில் இடம் குறைவு.

கடல் கடந்த தமிழரிடையே இந்தக் கேள்வி வேறு விதமாக எழுந்தது. மலாயா ரப்பர் தோட்டங்களில் நிர்வாகமே கள்ளுக்கடை நடத்தியது. கூலியில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிப் போனது. 1940களின் நடுவில் கெடா மாநிலத்தில் தோட்டத் தொழிலாளர்கள் 'தொண்டர் படை' அமைத்துக் கள்ளை விட்டார்கள். பீடோங் வட்டாரத்து ஹார்வர்டு தோட்டம் அதன் மையம். சக தொழிலாளியைக் கடைக்குப் போகாமல் தடுப்பதும் கடைமுன் மறிப்பதும் அவர்கள் வேலை. 1947 தொடக்கத்தில் காவல்துறையோடு மோதல் ஏற்பட்டு அது அடக்கப்பட்டது. கூலி கேட்டுப் போராடும் கட்டுப்பாடும் கள்ளை விடும் கட்டுப்பாடும் அங்கே ஒன்றாகவே வளர்ந்தன.

இன்று மணிமங்கலம் பக்கம் குடியை விடும் வழிகளில் மிகப் பெரியது ஐயப்பன் மாலைதான். இது தொன்மையான வழக்கம் என்று பலர் நினைத்தாலும் வட தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நூற்றாண்டு வயதுகூட இல்லை. 1950இல் சபரிமலைக் கோயில் தீப்பற்றி எரிந்தது. மதுரை நீதிக்கட்சித் தலைவர் பி.டி.ராஜனின் முயற்சியில் புதிய பஞ்சலோகச் சிலை வார்க்கப்பட்டது. மலையேறும் முன் அது தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்டது. நவாப் ராஜமாணிக்கம் தம் நாடகக் குழுவோடு ஐயப்பன் கதையை மேடையேற்றி ஊர் ஊராகப் பரப்பினார். 1975இல் வந்த 'சுவாமி ஐயப்பன்' திரைப்படம் மீதி வேலையைச் செய்தது. திரையில் கொடியவராகவே நடித்த எம்.என்.நம்பியார் நேரில் மதுவைத் தொடாதவர். ஆண்டுதோறும் பெருங்கூட்டத்தை மலைக்கு அழைத்துச் சென்ற குருசாமி. பஸ் டிப்போ, பட்டறை, ஆலை என்று வேலையிடங்களைச் சார்ந்தே குழுக்கள் பெருகின. கார்த்திகை முதல் நாள் மாலை போட்டால் 41 நாள், ஒரு மண்டலம் என்றால் 48 நாள். விடியுமுன் குளிர்ந்த நீரில் குளியல், பாயில் படுக்கை, மது, மாமிசம், சவரம் எல்லாம் விலக்கு.

குடியின் பக்கம் நின்று பார்த்தால் இந்த விரதத்தின் வேலை நுட்பமானது. மாலை போட்டவரை வயது வித்தியாசமின்றி எல்லோரும் 'சாமி' என்கிறார்கள். குடித்தனக்காரர், முதலாளி, பெற்ற தாய் உட்பட. அந்த விளிப்பே காவலாகிறது. குடிக்கும் வேளையான மாலை ஏழு மணிக்குச் சரணம் சொல்லும் பூஜை வந்து உட்கார்ந்துகொள்கிறது. முதல்முறை மாலை போட்ட கன்னிச்சாமிக்கு ஆசை எழுந்தால் பத்து மலை ஏறிய குருசாமியிடம் சொல்லலாம். அவரும் ஒரு காலத்தில் அதே கடைவாசலில் நின்றவராக இருப்பதுண்டு. இதையெல்லாம்விட முக்கியமானது மறுக்கும் உரிமை. நண்பர்கள் நடுவில் கிளாஸை வேண்டாம் என்று தள்ளுபவர் நூறு காரணம் சொல்ல வேண்டும், கேலி கேட்க வேண்டும். கழுத்தில் மாலை இருந்தால் யாரும் வற்புறுத்துவதில்லை, ஏன் என்று கேட்பதும் இல்லை. மருத்துவர் சொன்னார் என்ற காரணத்துக்கு இந்த மதிப்பு இல்லை.

இதன் குறைகளும் தெளிவானவை. மாலை கழற்றிய அன்றே கடைக்குப் போகும் சாமியைப் பற்றிய கேலி ஊரெங்கும் உண்டு. மலையிலிருந்து திரும்பும் வண்டியிலேயே அது தொடங்கிவிடுவதும் உண்டு. பத்து வயதுக்கு மேல் ஐம்பது வயதுவரை உள்ள பெண்களை மலைக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லாததால் மனைவியின் பங்கு சமையலோடு நின்றுவிடுகிறது. மேல்மருவத்தூர் சக்தி மாலை இந்த இடைவெளியை நிரப்பியது. செவ்வாடை உடுத்தி இருமுடி ஏந்தும் அந்த விரதத்தில் பெண்களே பெரும்பான்மை; கணவனுக்கும் மாலை போடவைத்துக் கூட்டிப்போகும் பெண்கள் உண்டு. இன்னொரு குறை உயிர்க்கேடானது. பல ஆண்டுகளாகத் தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம், தூக்கமின்மை, வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். அத்தகையவர் மாலை போடுவதற்கு முன் மருத்துவரைப் பார்த்து மருந்தோடு நிறுத்துவதுதான் முறை.

மேற்கே இதே தேவை மத அடையாளம் இல்லாத கூட்டமாக உருவெடுத்தது. 1840இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மதுக்கடையில் உட்கார்ந்திருந்த ஆறு குடிகாரர்கள் இனித் தொடமாட்டோம் என்று உறுதி எடுத்து 'வாஷிங்டோனியர்' சங்கம் தொடங்கினார்கள். வாராவாரம் கூடித் தம் கதையைச் சொல்வதே அதன் முறை. சில ஆண்டுகளில் லட்சக்கணக்கில் வளர்ந்து, அரசியல் சண்டைகளில் சிக்கிக் கலைந்தது. 1935இல் அக்ரன் நகரில் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் எந்தப் பொது விவாதத்திலும் கருத்துச் சொல்வதில்லை என்று விதி வகுத்துக்கொண்டது. 1950களின் பிற்பகுதியில் அது பம்பாய் வழியாக இந்தியா வந்தது. தமிழிலும் கூட்டங்கள் நடக்கின்றன. மாலைக்கு 41 அல்லது 48 நாள் கெடு என்றால் இங்கே கெடு ஒரே நாள்: இன்றைக்கு மட்டும் குடிக்காமல் இருப்பது. அது தினமும் புதுப்பிக்கப்படுவதால் மாலை கழற்றும் நாள் என்று ஒன்று வருவதில்லை.

சென்னையில் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, சிகிச்சையோடு குடும்பத்துக்கான ஆலோசனையையும் சேர்த்தது. திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் அது நடத்திய கிராம முகாம்கள் இந்த வரலாற்றில் தனியிடம் பெறும். ஊருக்குள்ளேயே இரண்டு வாரம் போலச் சேர்ந்து தங்கி, சேர்ந்து சாப்பிட்டு, மருந்தும் பேச்சுமாக விடும் முறை அது. முன்பு குணமானவர்கள் புதியவர்களை அழைத்துவந்தார்கள். காப்புக் கட்டும் ஊர்க் கட்டுப்பாடு மருத்துவத்தோடு கைகோத்த இடம் அதுதான் என்று சொல்லலாம்.

மணிமங்கலத்தைச் சுற்றிய வயல்வெளி 1990களின் பிற்பகுதியிலிருந்து தொழிற்சாலைப் பகுதியாயிற்று. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் வெளிவந்தது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு. தென்மாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் ஒரே அறையில் ஐந்தாறு பேராகத் தங்கினார்கள். ஷிப்ட் மாறி மாறி வரும்போது தூக்கமும் சாப்பாடும் நேரம் தவறும். வாரவிடுமுறையில் அறைக்கு அறை பாட்டில் வரும். கூழும் காப்பும் சொந்த ஊரில் நின்றுவிட்டன. மாலை மட்டும் கூடவே வந்தது. அதுவும் தொழிற்சாலைக்கு ஏற்ப வளைந்தது. விரதக்காரர் வெறுங்காலோடு நடக்க வேண்டும். எந்திரக்கூடத்தில் பாதுகாப்புக் காலணி இல்லாமல் நிற்க முடியாது. வேலை நேரத்துக்கு மட்டும் காலணி போட்டுக்கொள்ளக் குருசாமிகள் இசைவு தருவது வழக்கமாகிவிட்டது. இரவு ஷிப்ட் முடித்து வருபவருக்கு விடியற்காலைக் குளியலும் நேரம் மாறிவிடுகிறது.

உடல் எடை இந்தக் கதையில் கடைசியாக வந்து சேர்ந்தது. விரதம் இருந்தவர் இளைத்தாலும் அதற்காக யாரும் விரதம் இருந்ததில்லை. அன்னதானப் பொங்கலை எண்ணினால் எல்லோரும் இளைத்ததாகவும் சொல்ல முடியாது. எடை குறைக்கக் கூட்டம் சேர்வது அமெரிக்கப் பழக்கம். 1948இல் மில்வாக்கியில் எஸ்தர் மான்ஸ் தொடங்கிய 'டாப்ஸ்', 1963இல் நியூயார்க்கில் ஜீன் நிடெட்ச் தொடங்கிய 'வெயிட் வாட்சர்ஸ்' இரண்டுமே வாரம் ஒருமுறை கூடி, எடை பார்த்து, ஒருவரையொருவர் உற்சாகப்படுத்தும் ஏற்பாடுகள். தமிழில் 2010களில் நியாண்டர் செல்வனைச் சுற்றி உருவான, மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவுக் குழு இதைப் பெரிய அளவில் செய்தது. இரத்தப் பரிசோதனை முடிவையும் இடுப்பளவையும் உறுப்பினர்கள் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டார்கள். அதன் மாவுச்சத்துக் கணக்கைப் பற்றி மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. சேர்ந்து செய்தால் கைவிடாமல் செய்யலாம் என்பதில் சர்ச்சை இல்லை.

குடிப்பழக்கத்துக்கும் எடைக்கும் உள்ள கணக்கு எளிது. ஒரு கிராம் ஆல்கஹாலில் ஏழு கலோரி. 180 மில்லி பிராந்தி, ஏறக்குறைய 43 விழுக்காடு ஆல்கஹால் என்றால், 400 கலோரிக்கு மேல் போகும். தொட்டுக்கொள்ளும் வறுவலும் குளிர்பானமும் தனி. ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும், ஆணின் இடுப்பு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது மருத்துவ அளவுகோல். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பின்னர் தொழிற்சாலைகளுக்கும் விரிந்தது. 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அமைக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. பௌர்ணமிக்குப் பஸ் ஏறித் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் கூட்டத்துக்கு எட்டு கிலோமீட்டர் ஒரு பொருட்டல்ல. ஷிப்ட் முடிந்து ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளும் தொழிலாளிக்கு மருத்துவர் குடியைக் குறை, எடையைக் குறை என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறார். கோயில் விரதத்திலும் மதுவிலக்கு அரசியலிலும் இவை ஒன்றாகப் பேசப்பட்டதில்லை.